அக்கா வீட்டு ரோபோவும் எங்கள் வீட்டு ரோபோவும்

அக்கா ஊருக்குப் போனதால் அவள் வீட்டு ரோபோ வாக்குவம், அதாவது தானாகவே ஓடித் தரையைப் பெருக்கும் மெஷின், இரண்டு வாரம் எங்களிடம் இருந்தது. எங்களுடையது கேமரா வைத்த மாடல். அவளுடையது தலையில் லேசர் கோபுரம் சுற்றும் மாடல். சும்மா இருப்பேனா? ஒரே ஹாலில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டேன்.

கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்ததும் எங்களுடையது வழி தெரியாமல் ஒரே மூலையைச் சுற்றியது. லேசருக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை, தானே ஒளி வீசித் தூரத்தை அளக்கிறது; கோடு போட்டதுபோல் பெருக்கியது. ஆனால் பீரோவில் தரைவரை இருக்கும் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, தான் வரையும் வீட்டு மேப்பில் எங்களுக்கு இன்னொரு அறையே கட்டிக்கொடுத்துவிட்டது! வாடகைக்கு விடலாமா என்கிறார் கணவர்.

அப்புறம் உயரம். கோபுரத்தோடு அது கிட்டத்தட்ட 10 செ.மீ., சோபா அடியில் நுழையவில்லை. எங்களுடையது 8 செ.மீ.தான், கட்டிலுக்கடியில் போய் ஒரு மாதத் தூசியோடு வந்தது.

தலைமுடி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். பிரஷ்ஷில் சிக்கியதைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்க வேண்டும். மாப் போடுவதும் பேருக்குத்தான். காய்ந்த சாம்பார்க் கறைமேல் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அக்கா நாளைக்கு வருகிறாள். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் போகிறேன்.