விஎம்வேர் தேர்வில் இரண்டாம் முறை தேறிய கதை

மலேசியாவின் பாடாங் செராயில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் முன்பு ரப்பர் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அந்தத் தோட்டத்தில்தான் அம்மா இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டினார். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அடுத்த தெருத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். போலிடெக்னிக் படிப்பை முடிக்கப் போகிறவன். "அக்கா, விசிபி எழுதணும். எந்தக் கேள்வித் தொகுப்ப வாங்கலாம்?" என்று கேட்டான். விசிபி என்பது விஎம்வேர் நிறுவனத்தின் சான்றிதழ்; ஒரே கணினியைப் பல கணினிகள் போல ஓட்டும் மென்பொருள் அவர்களுடையது.

2023ல் நானும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். முதல் முறை தோற்றதற்கும் அதுதான் காரணம். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் எழுதியது விஸ்பியர் 8 என்ற விஎம்வேர் தொகுப்புக்கான விசிபி தேர்வு. 70 கேள்விகள், 135 நிமிடங்கள். மதிப்பெண் 100லிருந்து 500 வரை போகும், 300 எடுத்தால் தேர்ச்சி. எனக்கு வந்தது 262. அலுவலகம் அனுப்பிய ஐந்து நாள் வகுப்புக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரோ தொகுத்த கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தேன். தேர்வில் உட்கார்ந்தால், "இந்த நிர்வாகிக்கு இந்த நிலைமை, இவையெல்லாம் செய்து பார்த்துவிட்டார், அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்கிற மாதிரியே வருகிறது. நான்கு விடைகளும் சரி போலத் தெரிகின்றன. கெட்டுப்போன ஒன்றைத் தன் கையால் சரிசெய்தவருக்குத்தான் அங்கே வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் வீட்டில் ஒரு லேப் போட்டேன். பழைய ஆபீஸ் கணினி ஒன்று, 64 ஜிபி ரேம், 1 டெராபைட் எஸ்எஸ்டி. வாங்கும் முன் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: நெட்வொர்க் கார்டு இன்டெல் தயாரிப்பா? மலிவான கணினிகளில் வரும் ரியல்டெக் கார்டை இஎஸ்எக்ஸ்ஐ (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விஎம்வேரின் அடிப்படை மென்பொருள்) தானாகக் கண்டுகொள்ளாது, இன்ஸ்டால் நின்றுவிடும். அந்த ஒரு கணினியில் இஎஸ்எக்ஸ்ஐயைப் போட்டு, அதற்குள் மூன்று இஎஸ்எக்ஸ்ஐகளை விர்ச்சுவல் மெஷின்களாக (மென்பொருளால் ஆன கணினிகளாக) ஓட்டினேன், ஒவ்வொன்றுக்கும் 12 ஜிபி. எல்லா இஎஸ்எக்ஸ்ஐகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டர் மிகச் சிறிய அளவில் போட்டாலும் 14 ஜிபி கேட்கும். மீதியில் டிஎன்எஸ்ஸுக்கும் (கணினிப் பெயருக்கு முகவரி சொல்வது) பொதுச் சேமிப்புக்கும் சின்னதாக ஒரு லினக்ஸ். 60 நாள் சோதனை உரிமத்தில் இவ்வளவும் ஓடின.

விசென்டர் இன்ஸ்டால் என்னை மூன்று இரவு தூங்க விடவில்லை. முதல் கட்டம் ஒழுங்காக முடியும், இரண்டாம் கட்டத்தில் நின்றுவிடும். திரையில் வரும் பிழைச் செய்தியைப் படித்தால் காரணம் வேறெங்கோ இருப்பது போலத் தோன்றும். மூன்றாம் இரவு, மழை பெய்துகொண்டிருந்தது, அம்மா தூங்கிவிட்டார். டிஎன்எஸ்ஸில் பெயரைக் கொடுத்து முகவரி கேட்டுப் பார்த்தேன், வந்தது. முகவரியைக் கொடுத்துப் பெயர் கேட்டேன், வரவில்லை. ரிவர்ஸ் பதிவை நான் போடவே இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து முதலிலிருந்து ஓட்டினேன், விடிவதற்குள் விசென்டர் எழுந்துவிட்டது. அதிலிருந்து வேலையிடத்தில் விசென்டர் எந்த வடிவத்தில் தகராறு செய்தாலும் முதலில் டிஎன்எஸ், அடுத்து நேரம் என்று பார்க்கிறேன். ஹோஸ்டுகளின் (இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் கணினிகளின்) கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளிப்போயிருந்தாலும் இதே மாதிரி சம்பந்தமில்லாத பிழைகள் வரும்.

லேப் எழுந்த பிறகு அதை அழகாக வைத்திருக்காதீர்கள், கெடுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஹோஸ்டை அப்படியே பவர் ஆஃப் செய்துவிட்டு, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பார்த்தேன். அதிலிருந்த மெஷின்களை ஹெச்ஏ (ஹோஸ்ட் செத்தால் மெஷின்களை மீட்கும் வசதி) மற்ற ஹோஸ்டுகளில் ஏற்றியது. ஆனால் அவை பூட் ஆகித்தான் வந்தன, விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. நிற்காமல் தொடர வேண்டுமென்றால் அதற்கு ஃபால்ட் டாலரன்ஸ் என்ற வேறு வசதி இருக்கிறது. முதல் தேர்வில் இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன். அப்புறம் விசென்டரையே அணைத்துவிட்டு இன்னொரு ஹோஸ்டைக் கொன்றேன். ஹெச்ஏ அப்போதும் வேலை செய்தது. ஹோஸ்டுகளுக்கிடையே சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ் மட்டும் செத்துக் கிடந்தது.

ஏன் இப்படி என்பதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிந்தது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குச் சுமை கூடினால் மாற்றிவிடுவார். டிஆர்எஸ் செய்வதும் அதுதான், அதற்கு விசென்டர் இருந்தாக வேண்டும். "சரி, வெட்டிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தருக்கு முடியாமப் போச்சுன்னா? கங்காணி வந்து சொல்ற வரைக்குமா நிப்போம்? பக்கத்து நிரையில உள்ளவங்க பிரிச்சு வெட்டிருவோம்" என்றார் அம்மா. ஹெச்ஏ அப்படித்தான். அதற்கான ஏஜென்ட் ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாக ஓடுகிறது, அவை ஒன்றையொன்று கவனித்துக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவருக்குக் கையில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் இல்லையா, அந்த மிச்சத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்குத்தான் அட்மிஷன் கன்ட்ரோல்.

சிபியூ ரெடி என்பதையும் அம்மா பால் நிறுக்கப் போகும் ஸ்டோரை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். காண்டா வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக வந்தாலும், நிறுவைக்கு வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். மெஷின் வேலைக்குத் தயார், சிபியூ இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் காத்திருப்புதான் ரெடி. விசென்டரின் உடனடி வரைபடம் இதை 20 வினாடிக்கு ஒருமுறை மில்லி வினாடியில் கூட்டிக் காட்டும். ஒரு விசிபியூவுக்கு (மெஷினுக்குக் கொடுத்த ஒரு சிபியூவுக்கு) 1000 என்று வந்தால் 20,000ல் 1000, அதாவது 5 சதவீதம். இந்தக் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். "சர்வர் மெதுவாக இருக்கிறது, இன்னும் நாலு சிபியூ கொடுங்கள்" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். நெரிசலான ஹோஸ்டில் விசிபியூவைக் கூட்டினால் வரிசை இன்னும் நீளலாம். குறைத்துப் பார்த்து வேகம் கூடிய மெஷின்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்னாப்ஷாட் விஷயத்தை மட்டும் வேலையிடத்தில் வலியோடு கற்றுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை இரவு பேட்ச் போடும் முன் லேபிள் அச்சடிக்கும் சர்வருக்கு ஸ்னாப்ஷாட் (ஏதாவது கெட்டால் திரும்பிப் போக அந்த நேரத்து நிலை) எடுத்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை நீக்க யாருக்கும் நினைவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு எழுதப்படுவதெல்லாம் டெல்டா ஃபைலில்தான் போய்ச் சேரும், அது வளர்ந்துகொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்து விடிகாலை 4 மணிக்கு போன் வந்தது. டேட்டாஸ்டோர் (மெஷின்களின் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடம்) நிறைந்து, அதிலிருந்த மெஷின்கள் இடம் கேட்டு நின்றுவிட்டன. பேக்கிங் லைனில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் டெல்டா ஃபைலை நேரடியாக அழிக்கத் தோன்றும். அழித்தால் மூன்று வார டேட்டா போய்விடும். வேண்டாத ஐஎஸ்ஓ ஃபைல்களை அழித்தோம், அணைந்திருந்த ஒரு மெஷினை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்தினோம். இடம் கிடைத்ததும் நின்ற மெஷின்களை ஓடவிட்டு, ஸ்னாப்ஷாட்டை முறையாக நீக்கினோம். 72 மணி நேரத்துக்கு மேல் ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்க வேண்டாம் என்று விஎம்வேரே சொல்கிறது. அதை பேக்கப் என்று நம்பவும் கூடாது. இப்போது பவர்சிஎல்ஐ என்ற விஎம்வேரின் கட்டளைக் கருவியில் எழுதிய என் ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் காலையில் எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் வயதோடு பட்டியல் போட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறது. நான் எழுதிய முதல் உருப்படியான ஸ்கிரிப்ட் அதுதான்.

இரண்டாம் முறை பினாங்கில் தேர்வு மையத்துக்கே போய் எழுதினேன். வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் எங்கள் ஊரில் சாயங்கால இடி இடித்தால் இன்டர்நெட் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பதற்றம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பசியாறிவிட்டு அதிகாலையிலேயே கிளம்பினேன். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் கேள்வி எதையும் இங்கே தரமாட்டேன். "இரண்டு விடைகளைத் தேர்ந்தெடு" என்ற வரியை மட்டும் தவறவிடாதீர்கள். நேரம் தாராளமாக இருந்தது. 347 வந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு நிறைய மாறிவிட்டது. நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் சந்தா. தேர்வுகளின் பெயரும் பாடத்திட்டமும் மாறியிருக்கின்றன. பணம் கட்டும் முன் அவர்களின் தளத்தில் இப்போதைய தேர்வு எது என்று பாருங்கள். இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தி 2025ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் அதை விசென்டரோடு இணைக்க முடியாது. அதனால் ஹெச்ஏ, டிஆர்எஸ் பழக அது உதவாது.

அந்தத் தம்பியிடம் பிராக்ஸ்மாக்ஸிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். இதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருள் அது, டெபியன் லினக்ஸ் மேல் கேவிஎம் ஓடுகிறது, பணம் கட்ட வேண்டாம். மூன்று நோட் (ஹோஸ்டுக்கு அங்கே அந்தப் பெயர்) கிளஸ்டர் போட்டு, லைவ் மைக்ரேஷன் (ஓடும் மெஷினை நிறுத்தாமல் நகர்த்துவது) செய்து, ஒரு நோடை அணைத்துப் பார்க்க அது போதும். மெனுவில் பெயர்கள் வேறாக இருக்கும், மெமரி பக்கங்களை நகலெடுத்து, நடுவில் மாறியதை மறுபடி நகலெடுத்து, கடைசியில் ஒரு கணம் நிறுத்தி மாற்றும் சூட்சுமம் விஎம்வேரின் வி-மோஷனிலும் அதேதான். என் பழைய கணினி இப்போது அவன் வீட்டில் இருக்கிறது. நேற்று ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அக்கா, ரெண்டு நோட அணைச்சேன், மூணாவது எதையும் ஸ்டார்ட் பண்ண மாட்டேங்குது." மூன்றில் பெரும்பான்மை எத்தனை என்று மட்டும் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.