டை பெட்டியில் கோதுமையைத் தேடுவதற்கு முன்

சீலியாக் நோய் இருப்பது தெரிந்ததும் முதலில் சமையலறை மாறுகிறது, அடுத்து மருந்துப் பெட்டி மாறுகிறது. நரை எட்டிப் பார்க்கும் வயதில் இருப்பவர்களுக்குக் கொஞ்ச காலம் கழித்துக் குளியலறை அலமாரியின் மீதும் சந்தேகம் வந்துவிடுகிறது. "குளூட்டன் இல்லாத ஹேர் டை எது?" என்று என்னிடம் கேட்பவர்கள் பெருகிக்கொண்டே வருகிறார்கள். சீலியாக்கோடும் நரையோடும் பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறவள் என்ற முறையில், நான் தெரிந்துகொண்டதையும் கடைப்பிடிப்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டையில் கோதுமை இருக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது இரண்டாவது கேள்வி. அதில் பி.பி.டி. என்ற கறுப்புச் சாய வேதிப்பொருள் இருக்கிறதா, இருந்தால் அது நம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதே முதல் கேள்வி.

சீலியாக் சிறுகுடலில் நடக்கும் சங்கதி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலை எட்டும்போது, அதற்கான மரபணு வாகு உள்ள சிலரின் நோய் எதிர்ப்பு மண்டலம் குடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இது நடப்பதற்குக் குளூட்டன் குடலுக்குப் போயாக வேண்டும். அதன் மூலக்கூறு பெரியது என்பதால், புண்ணோ வெடிப்போ இல்லாத தோலைத் தாண்டி அது உள்ளே போவதில்லை. ஆகவே தலையில் தடவிய டை தலையோடு நிற்கும் வரைக்கும், அதில் கோதுமைப் புரதம் இருந்தாலும் குடலுக்குக் கேடில்லை.

நம் பக்கத்தில் இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்கள் வட இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்திலும், தெற்கில் நூற்றுக்கு 0.10 பேரின் ரத்தத்திலும் இருப்பதாகத் தெரியவந்தது. தெற்கின் கணக்கு வேலூரில் எடுக்கப்பட்டது. இட்லியும் சோறும் சாப்பிடும் ஊரில் இந்த நோயாளிகள் குறைவாக இருப்பதால், நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை டெல்லியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோதான் வருகின்றன. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பார்கள் என்ற, நம் வீட்டுச் சாம்பாருக்கு மிக அவசியமான செய்தி அவற்றில் இருக்காது. ஷாம்புவைப் பற்றிய பயம் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும்.

அந்தப் பயத்தை முழுக்க ஒதுக்கிவிடவும் முடியாது. தலையில் போட்டது தலையிலேயே நிற்பதில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக் குளிக்கும்போது, நுரையும் சாயமும் நெற்றி வழியாக மூக்கோரத்தில் இறங்கி உதட்டில்தான் வந்து சேர்கின்றன. கையுறை போடாமல் கண்டிஷனரைத் தேய்த்துவிட்டு, நகக்கண்ணைச் சரியாகக் கழுவாமல் அதே கையால் சோற்றைப் பிசைந்து உண்பதும் நம் வழக்கத்தில் நடக்கக்கூடியதே. இப்படி உள்ளே போகும் அளவு மிகச் சிறியது என்றாலும், தவிர்க்கச் செலவு எதுவும் ஆகாத ஒன்றைத் தவிர்ப்பதில் தவறில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 66 வாய்ச் சுகாதாரப் பொருள்களையும் அழகுசாதனப் பொருள்களையும் பரிசோதித்தார்கள். குளூட்டன் இல்லாத உணவுக்கு வைக்கப்பட்டிருக்கும் வரம்பான பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவைத் தாண்டியவை நான்கே நான்கு: மூன்று பற்பசைகள், ஓர் உதட்டுப் பூச்சு. டையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தினமும் இரண்டு வேளை வாயில் வைக்கும் பற்பசையின் அட்டையை முதலில் படித்துப் பார்க்கலாம்.

இனி பெட்டிக்குள் வருவோம். கடையில் வாங்கும் க்ரீம் டை பெட்டியைத் திறந்தால் சாயக் குழாய், டெவலப்பர் பாட்டில், கையுறை, மடித்த காகிதம் ஆகியவற்றோடு, கடைசியில் போட்டுக்கொள்வதற்கென்று ஒரு சிறிய கண்டிஷனர் பாக்கெட்டும் இருக்கும். கோதுமை இருந்தால் பெரும்பாலும் இந்தப் பாக்கெட்டில்தான் இருக்கும். முடிக்கு மினுமினுப்பும் கனமும் கொடுப்பதற்காகக் கோதுமைப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து அதில் சேர்க்கிறார்கள். அட்டையில் அது ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன் என்று நேராகவும் வரலாம், டிரிட்டிகம் வல்கரே என்ற தாவரப் பெயராலும் வரலாம். பார்லி என்றால் ஹோர்டியம் வல்கரே, ரை என்றால் செகாலே செரியலே. அவேனா சட்டைவா என்பது ஓட்ஸ். அது தானாகக் குளூட்டன் தானியம் இல்லையென்றாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதற்குப் பேர்போனது. ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன் என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது எந்தத் தாவரம் என்று நிறுவனத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். நான் இந்தத் தலைவலிக்கெல்லாம் போவதில்லை. அந்தப் பாக்கெட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எனக்குப் பழக்கமான கண்டிஷனரையே போட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். கோதுமை ஒவ்வாமை வேறு, சீலியாக் வேறு. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்குத் தோலில் பட்டாலே தடிப்பு வரக்கூடும். ஜப்பானில் உடைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு, அதுவரை இல்லாத கோதுமை ஒவ்வாமை புதிதாக உண்டாகி, ரொட்டி சாப்பிட்டாலே உடம்பு வீங்கும் நிலை வந்தது. 2011இல் அந்தச் சோப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தினமும் முகத்தைக் கழுவும்போது கண்ணின் வழியாகவும் மூக்கின் வழியாகவும் அந்தப் புரதம் உடலுக்குப் பழக்கமாகி, எதிர்ப்பைத் தூண்டிவிட்டது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம், அழகுசாதனங்களில் சேர்க்கும் உடைத்த கோதுமைப் புரதத்தின் துண்டுகள் எவ்வளவு பெரியவையாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு விதித்தது. சீலியாக்கோடு கோதுமை ஒவ்வாமையும் சேர்ந்து இருப்பவர்கள், நான் இதுவரை சொன்ன ஆறுதலை எடுத்துக்கொள்ளாமல், கோதுமை என்ற பெயர் உள்ள எதையும் தலையில் வைக்காதிருப்பதே சரி.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-ஃபீனிலீன்டைஅமீன்தான் கறுப்பு, அடர்பழுப்பு டைகளின் உயிர். நிறமற்ற சிறிய மூலக்கூறாக முடிக்குள் புகுந்து, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்ததும் பெரிதாகிக் கறுத்து, வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடுவதால்தான் நிறம் வாரக்கணக்கில் நிற்கிறது. அந்தச் சிறிய அளவே அதன் ஆபத்துக்கும் காரணம். குளூட்டனைப் போலன்றி இது தோலுக்குள் எளிதாகப் புகுந்துவிடும். அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பாவில் தலையில் தடவும் கலவையில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த ஒவ்வாமை உடனே தெரியாது. டை அடித்து ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் காதோரமும் பின்கழுத்தும் சிவந்து அரிக்கும், நீர் கசியும், கண்ணிமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமல் போகும். பல முறை ஒரு தொந்தரவும் இல்லாமல் டை அடித்தவருக்கும் ஒரு நாள் இது தொடங்கலாம். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடாது.

சீலியாக் உள்ளவர்கள் தடுமாறும் இடம் இதுதான். டை அடித்த இரண்டாம் நாள் தலை அரித்தால், நம் மனம் நேராகக் குளூட்டனிடம்தான் போகிறது. அடுத்த முறை குளூட்டன் இல்லாதது என்று எழுதிய, அதே பி.பி.டி. உள்ள இன்னொரு பெட்டியை வாங்குகிறோம், இரண்டாவது முறை முகம் இன்னும் மோசமாக வீங்குகிறது. குழப்பத்தைக் கூட்டுவதற்கு, சீலியாக்கோடு தொடர்புடைய ஒரு தோல் நோயும் இருக்கிறது. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற அந்த நோயில், முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களோடு தலையிலும் கடும் அரிப்புள்ள சிறு கொப்புளங்கள் வரும். ஆனால் அது உண்ட குளூட்டனால் வருவதேயன்றித் தடவிய குளூட்டனால் வருவதன்று. டைக்குப் பிறகு வந்த அரிப்பு, டை பட்ட எல்லையோடு நின்றுவிடுகிறதா, அல்லது இரண்டு முழங்கைகளிலும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தாலே ஓரளவு புரியும். மிச்சத்தைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்: பி.பி.டி. என்றால் முதுகில் ஒட்டும் பேட்ச் சோதனை, கொப்புள நோய் என்றால் கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து எடுக்கும் சிறு துண்டு.

"அக்கா, இது ஹெர்பல்தான், ஒண்ணும் பண்ணாது" என்று பார்லரில் ஒரு பெண் என் முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். பின்பக்கத்தில், பச்சை இலைப் படத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் படிக்கக் கஷ்டமான எழுத்தில், மருதாணிக்கும் நெல்லிக்காய்க்கும் அடுத்ததாகப் பி.பி.டி.யின் முழுப் பெயர் இருந்தது. அவள் மீது குற்றமில்லை. அவளுக்கு விற்றவர் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். மருதாணி இலை தனியாக நரைக்கு ஆரஞ்சு கலந்த செந்நிறத்தைத்தான் தரும். மருதாணி என்று சொல்லிக்கொண்டு ஒரே பூச்சில் அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஆக்கும் பொடி எதுவானாலும், அதில் இலையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. அதே பார்லர்களில் மருதாணியைப் பீரில் குழைக்கும் பழக்கமும் உண்டு. பீர் பார்லியிலிருந்து வருவது என்பதால், வெந்நீரில் குழைக்கச் சொல்லிக் கேட்டுவிடுவேன்.

இப்போது நான் நம்பிப் போடுவது மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலையும்தான். கலப்படமில்லாத இலைப் பொடியில் கோதுமைக்கும் பி.பி.டி.க்கும் வேலையில்லை. கடையில் அரைத்து வாங்குவதானால், அந்த மில்லில் கோதுமையும் அரைக்கிறார்களா என்று கேட்பது நல்லது. அதைவிட முக்கியம், பொடியைக் கொட்டும்போது எழும் தூசு. மாட்டுத் தீவனத் தூசியை நாள்தோறும் சுவாசித்து, மூக்கில் படிந்ததை விழுங்கியதால் சீலியாக் அடங்காமல் இருந்த இரண்டு விவசாயிகளைப் பற்றி 2007இல் ஒரு மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. எப்போதாவது பிரிக்கும் மருதாணிப் பொடியை அதற்கு ஈடாகச் சொல்ல முடியாது என்றாலும், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, மாவு பிசையும் பாத்திரத்தில் அல்லாமல் இதற்கென்று ஒதுக்கிய பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் கரைக்கிறேன். ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் மருதாணியே ஆகாது. சிவப்பணுக்கள் சிதையக்கூடும் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடை டைதான் வேண்டும் என்பவர்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் சோதனையைச் செய்தாக வேண்டும். காதுக்குப் பின்னால் சிறு பொட்டளவு தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். கொப்புள நோய் உள்ளவர்கள் முழங்கைப் பக்கம் போக வேண்டாம், அங்கே எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்று போட்டிருப்பதைப் பெரும்பாலோர் சட்டை செய்வதில்லை. உடல் எப்போது எதிர்ப்பைத் தொடங்கும் என்று முன்கூட்டித் தெரியாததால் அந்த வரி அங்கே இருக்கிறது. இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையும் அதே அட்டையில் உண்டு. பி.பி.டி. ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள், அமோனியா இல்லை என்று எழுதிய பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம், அமோனியாவும் பி.பி.டி.யும் வெவ்வேறு. பி.பி.டி.க்குப் பதிலாகப் போடும் டொலுயீன் டைஅமீனுக்கும் அவர்களில் பலருக்கு ஒவ்வாமை வந்துவிடுகிறது.

அவுரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் மருதாணியைப் போட்டு அலசிவிட்டு, அதன் பிறகே அவுரியைக் கரைக்க வேண்டும். கரைத்த அவுரி அதிக நேரம் தாங்காது, வீரியம் போய்விடும். முதல் நாள் முடியில் பச்சை சாயல் தெரியும், அது காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் கறுக்கும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு போட்டுக்கொண்டால், திங்கட்கிழமை அலுவலகத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.