மூன்றாம் மெய்ப்பு

டிசம்பர் 3

நாவலை எழுதிய அண்ணாச்சி மெய்ப்பைத் திருத்தி அனுப்ப வேண்டும். நாகர்கோவில் கூரியர் வரவில்லை.

டிசம்பர் 4

இன்றும் இல்லை. அதுவரை கோப்பைச் சுத்தம் செய்யலாம். முதல் பாதி பாமினியில் தட்டச்சானது. அந்த எழுத்துருவில் 'ரி', 'ர்' இரண்டுக்கும் ர-வைத் தொடாமல் துணைக்காலைத் தட்டி, அதன்மேல் இகர வளைவான விலங்கையோ புள்ளியையோ வைத்துவிடுவார்கள். யுனிகோடுக்கு மாற்றினாலும் துணைக்கால் துணைக்காலாகவே நிற்கிறது. தாளில் பார்த்தால் கண்ணுக்குப் படாது. கணினியில் 'வார்த்தை' என்று தேடினால் பாதிதான் அகப்படும். மின்னூலில் புள்ளிவட்டம் முளைக்கும். 'ா்' வரும் இடத்தையெல்லாம் 'ர்' என்றும், 'ாி' வரும் இடத்தையெல்லாம் 'ரி' என்றும் ஒரே மூச்சில் மாற்றலாம். துணைக்காலுக்குமேல் புள்ளியோ விலங்கோ தமிழில் வரவே வராது என்பதால் பயமில்லை.

ஔகாரத்தில் அப்படிச் செய்யக் கூடாது. 'மெளனம்', 'கெளரவம்' என்று ள-வைப் போட்டு அடித்தவற்றை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். மொத்தமாக மாற்றினால் கெளுத்தியும் வெள்ளமும் சிதைந்துபோகும். இந்த நாவலில் பக்கத்துக்குப் பக்கம் மீனும் மழையும்தான்.

டிசம்பர் 6

326 பக்கம். 320-க்குள் வந்தே ஆக வேண்டும். டெமி என்ற புத்தக அளவில், ஒரே தாளில் அச்சாகி மடியும் ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். 320 என்றால் சரியாக 20 ஃபாரம். மிஞ்சும் 6 பக்கத்துக்காக ஓர் அரை ஃபாரம் ஓட்டினால் அதற்குத் தனி பிளேட், தனி ஓட்டம், தனி மடிப்பு. விலையில் ஏறுவது வாசகர் தலையில்தான் விழும்.

எழுத்தின் அளவைக் குறைக்கலாம் என்று லே-அவுட்டில் சொன்னார்கள். வேண்டாம். 11 பாயிண்ட் எழுத்தில், 15 பாயிண்ட் வரி இடைவெளியில் படிக்க வேண்டிய உரைநடை இது. வயதானவர்கள் வாங்கும் புத்தகம். வழி வேறு இருக்கிறது. மூன்று நான்கு வரி மட்டும் தொங்கும் கடைசிப் பக்கத்தோடு முடியும் அத்தியாயங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அத்தியாயத்துக்குள் ஒற்றைச் சொல்லோடு முடியும் பத்திகளைத் தேடி, சொல்லிடைவெளியைச் சிறிது இறுக்கினால் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வரி உள்ளே போகும். நாலு வரி போனால் ஒரு பக்கம் மிச்சம். இறுக்கியபின் வரி முறியும் இடங்களைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்: புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். 'புத்' மேலே, 'தகம்' கீழே இருக்கலாம். 'த்தகம்' என்று ஒரு வரி தொடங்கவே கூடாது.

டிசம்பர் 7

காய்ச்சல் குறைந்திருக்கிறதாம். தாளைப் பார்க்கிறாராம் அண்ணாச்சி.

டிசம்பர் 9

வந்தது! 12 அத்தியாயம் வரை. சிவப்பு மை, ஓரத்தில் அதே நுணுக்கி எழுதும் எழுத்து.

கதை சொல்லும் பகுதிகளில் ஒற்று போட்டதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். பேச்சில் போட்டதையெல்லாம் அடித்திருக்கிறார். அவர் செய்தது சரி. எழுத்துநடைக்கு உள்ள விதியை வாய்ப்பேச்சில் ஏற்றினால் ஆள் செத்துப்போகிறான். தாய் 'வாறான்' என்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்த மருமகள் 'வருதான்' என்கிறாள். இதைப் பிழை என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டால் அந்த வீட்டில் இரண்டு ஊர் இருப்பதே தெரியாமல் போகும். ஒரு தாளில் பாத்திரப் பெயர், அவரவர் வினைமுற்று, உறவுமுறை விளிப்பு எல்லாம் எழுதி மெய்ப்பு பார்ப்பவர் மேசையில் ஒட்டியாயிற்று. எந்த வட்டார நாவலுக்கும் முதல் மெய்ப்புக்கு முன்பே இந்தத் தாள் தயாராகிவிட வேண்டும்.

டிசம்பர் 10

பின்னட்டைக் குறிப்பில் இன்னும் ஒரு 'ா்'.

டிசம்பர் 12

விடாத மழை. அச்சகத்தில் தாள் கட்டுகளைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஈரம் குடித்த தாள் ஓரத்தில் அலையாகும், மடிப்பு விலகும். புத்தகத்தின் மேலட்டையான ரேப்பருக்கு இன்னும் கவனம் வேண்டும். மேட் லேமினேஷன் பிலிம் ஒரு பக்கம்தான். உள்பக்கத்து அட்டை ஈரத்தை இழுத்து விரியும், பிலிம் விரியாது. அதனால்தான் மழைக்காலப் புத்தகங்களின் அட்டை வெளிப்பக்கம் சுருண்டு நிற்கிறது. மை முழுதும் காயும்முன் பிலிம் ஒட்டினால் கருத்த பகுதிகளில் வெள்ளி படர்ந்ததுபோல் தெரியும். அவசரம் என்று இதில் ஒரு நாளைத் திருடக் கூடாது.

டிசம்பர் 14

முதுகு அகலம். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்த்து ஊகிக்காமல், ஓட்டப்போகும் கட்டிலிருந்தே 100 தாளை எடுத்து அழுத்தி அளந்தால் 9.5 மி.மீ. 320 பக்கம் என்பது 160 தாள், 15.2. இரண்டு பக்க அட்டையும் பசையும் சேர்ந்து 16. வெற்றுத் தாளில் ஒரு டம்மி கட்டி வாங்கிப் பார்த்தபின்தான் ரேப்பர் கோப்பை முடிப்பது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முதுகுத் தலைப்பு முன்னட்டைக்கு வழியும், அலமாரியில் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும்.

டிசம்பர் 15

இரவில் வேறு எதையும் படிக்க முடியவில்லை. கண் ஒற்றில் போய் நிற்கிறது.

டிசம்பர் 17

அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃபில் எழுத்தின் கறுப்பு ஒற்றைக் கறுப்புதானா, அதாவது கறுப்பு மை மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். வேர்டிலிருந்து வந்த எழுத்து சில நேரம் நான்கு வண்ணம் கலந்த கறுப்பாக மாறியிருக்கும். ரேப்பரில் ஒரு வண்ணத்தின்மேல் மற்றது பதிவது சற்று விலகினாலும் சிறிய எழுத்துகளில் நிழல் அடிக்கும். பார்கோடும் ஒற்றைக் கறுப்பில். சிவப்பில் வேண்டும் என்று கேட்கிறார் அட்டை ஓவியர். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

டிசம்பர் 19

மீதி வரவில்லை. போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 20

எடுக்கவில்லை.

டிசம்பர் 21

சென்னைப் புத்தகக் கண்காட்சி தொடங்கும் நாளில் நந்தனத்தில் புத்தகம் இருக்க வேண்டும். 12ஆம் அத்தியாயம் 160ஆம் பக்கத்தில் முடிகிறது. பத்து ஃபாரம் துல்லியமாக மூடுகிறது. 2 முதல் 10 வரை பிளேட் போடச் சொல்லலாம். முதல் ஃபாரத்தை மட்டும் கடைசிக்கு வைக்க வேண்டும்: மொத்தப் பக்கமும் விலையும் அதில்தான் இருக்கின்றன. பின்பாதி என்ன ஆனாலும் முன்பாதி நகராது.

பின்பாதியை அவர் பார்க்காமல் அனுப்புவதா என்று அச்சகத்தில் கேட்டார்கள். இல்லை.

டிசம்பர் 23

கூரியர். 13 முதல் கடைசி வரை எல்லாம் இருக்கிறது. 22ஆம் அத்தியாயத்திலிருந்து கையெழுத்து வேறு. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறார். காதால் கேட்டு எழுதும்போது ரகரமும் றகரமும் மாறும். தாயின் 'வாறான்' பல இடங்களில் 'வாரான்' ஆகியிருக்கிறது. அவற்றைத் தனியே பட்டியலிட்டு, பக்க எண்ணோடு ஒவ்வொன்றாக அவரிடமே கேட்க வேண்டும். காலையில் பத்து மணிக்குமேல் பேசலாம், ஐந்து நிமிடம் மட்டும் என்று மகள் சொல்லியிருக்கிறார். பட்டியலில் முதலில் வர வேண்டியது 287ஆம் பக்கம்.