நேர்மை அங்காடியில் காசு குறைந்தால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத் தொடக்கப்பள்ளிகளில் நேர்மை அங்காடி, அதாவது விற்பவர் இல்லாமல் பிள்ளைகளே பொருளை எடுத்துக்கொண்டு காசு போடும் கடை, வைக்க நினைப்பவர்களுக்கு: பென்சில், அழிப்பான், துருவி, இந்த மூன்றே போதும். மிட்டாய் வேண்டாம்; அது நேர்மையை அல்ல, நாக்கைத்தான் சோதிக்கும். விலை 2, 5 ரூபாய் என்று முழு எண்ணாக இருக்கட்டும். காசு போட ஒரு கொட்டான் (ஓலைக் கூடை), பக்கத்தில் சில்லறைக்கு ஒரு ரூபாய் நாணயங்கள்.

கணக்கை வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே பார்க்கட்டும்: வைத்தது, மிச்சம், வரவேண்டியது, வந்தது. குறைந்தால் தொகையை மட்டும் பலகையில் எழுதுங்கள். "யார் எடுத்தது?" என்று கேட்டால் காட்டிக்கொடுப்பதும் பயமும்தான் வளரும். பெரும்பாலும் சில்லறை இல்லாததோ, ஒன்றாம் வகுப்புக்கு விலை புரியாததோதான் காரணம். காசில்லாத பிள்ளைக்கு 'நாளைக்குத் தருகிறேன்' நோட்டு ஒன்று தொங்கட்டும். அதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கண்டிக்காதீர்கள். காலை உணவுக்கு வருகிறதா, வீட்டில் என்ன நிலைமை என்று தனியாக விசாரியுங்கள்.

குறையாத வகுப்புக்குப் பரிசு அறிவிக்கவே கூடாது. அறிவித்தால் ஆசிரியரே கைக்காசைப் போட்டு நிரப்பிவிடுவார்!