சப்போரோவில் செம்மறிக் கறி

எங்கள் வீட்டில் கறி என்றால் வெள்ளாட்டுக் கறிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளியைக் கையில் கொடுத்து அனுப்பும்போதே அம்மாச்சி சொல்லிவிடுவார்: "வாலைப் பாத்து வாங்குடா. அசந்தா செம்மறியைக் கட்டிருவான்." செம்மறி கவிச்சி அடிக்கும் என்பது எங்கள் வீட்டில் அப்பீல் இல்லாத தீர்ப்பு. அப்படி வளர்ந்தவன், மைனஸ் ஆறு டிகிரி குளிரில், செம்மறிக் கறி தின்பதற்காக ஐம்பது நிமிடம் தெருவில் வரிசையில் நின்றேன்.

நின்ற இடம் சப்போரோ. ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவின் பெரிய நகரம். பிப்ரவரியில் அங்கே பனித் திருவிழா நடக்கும். ஓதோரி பூங்கா முழுக்க மாடி உயரத்துக்குப் பனிச் சிற்பங்கள். அதைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், படமும் போட்டுவிட்டார்கள். நான் நேராகச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நானும் மனைவியும் மாடு, பன்றி இரண்டையும் தொடமாட்டோம். அந்த விரதத்தோடு ஜப்பானுக்குப் போனால் பாதி மெனு காலி. ஆசையாக ராமென் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தால், சாறே பன்றி எலும்பில் கொதித்துக்கொண்டிருக்கும். டோக்கியோவில் நான்கு நாட்களை மீனும் சோறும், அப்புறம் சோறும் மீனும் என்று ஓட்டியிருந்தோம். சப்போரோவில் வேலை பார்க்கும் நண்பர்தான், "இங்க வந்துட்டீங்கன்னா ஜிங்கிஸ்கான் இருக்கு, கவலையே படாதீங்க" என்று சொல்லி ஒரு கடைக்கு வழி அனுப்பியிருந்தார்.

ஜிங்கிஸ்கான் வேறு யாருமில்லை, நாம் சரித்திரப் பாடத்தில் படித்த அதே செங்கிஸ்கான்தான். குவிந்த இரும்புச் சட்டியில் செம்மறிக் கறியைச் சுட்டுத் தின்பதற்கு ஹொக்கைடோவில் அந்தப் பெயர். மங்கோலிய வீரர்கள் தலைக்கவசத்தையே சட்டியாக்கிக் கறி சுட்டார்கள் என்று கதை சொல்வார்கள். கதைதான். மங்கோலியர்கள் கறியைப் பெரும்பாலும் வேகவைத்துத் தின்கிறவர்கள். செம்மறி என்றதும் ஜப்பானியர்களுக்கு மங்கோலியப் புல்வெளி ஞாபகம் வந்துவிட்டது போலும்.

கடை சுசுகினோவில். சப்போரோ ஸ்டேஷனிலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தம். அந்த ரயில் பஸ்ஸைப் போல ரப்பர் டயரில் ஓடுகிறது, சத்தமே இல்லை. மேலே ஏறி வந்தால் கண்ணைக் கூசும் நியான் விளக்குகள், குடிக்க வந்த கூட்டம். அதற்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு வரிசை.

"செம்மறியாங்க?" என்றாள் மனைவி, வரிசையில் நின்ற பிறகு. "வேற கடையே இல்லையா?"

"இல்லை" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

உள்ளே போனதும் முதலில் கொடுத்தது மெனு இல்லை, ஆளுக்கு ஒரு பெரிய பாலிதீன் பை. கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாவற்றையும் அதில் போட்டு வாயை இறுக்கி முடிந்து காலடியில் வைத்துக்கொள்ள வேண்டும். புகை அப்படி. மனைவி எல்லாவற்றையும் போட்டாள், குரங்குக் குல்லாவை மட்டும் கழற்றவில்லை. காது குளிர்கிறதாம்.

'ப' வடிவத்தில் ஒரு மேடை, சுற்றிப் பதினைந்து முக்காலி, நடுவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. ஒவ்வொருவர் முன்னாலும் கரி கனன்றுகொண்டிருக்கும் சின்ன மண் அடுப்பு. அதன்மேல் அந்தச் சட்டி. ஆப்பச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டமாதிரி நடுவில் உப்பி, உச்சியிலிருந்து விளிம்புவரை வரிவரியாகப் பள்ளம் ஓடுகிறது. விளிம்பில் அகழிபோல ஒரு வாய்க்கால். அந்த அம்மா நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டியை எடுத்து உச்சியில் வைத்தார். அது முனகத் தொடங்கியது. உருகி வரி வரியாக இறங்கியது. வாய்க்காலில் வட்டமாக வெட்டிய வெங்காயத்தையும், விரல் நீளத்துக்கு நறுக்கிய தடித்த வெங்காயத் தண்டையும் அடுக்கிவிட்டு, எங்கள் முன் கறித் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். இனி நம் பாடு.

கறியில் மசாலா இல்லை, உப்புகூட இல்லை. அடர்சிவப்பில், கைக்குட்டை மடித்ததுபோல, கையால் அறுத்த துண்டுகள். நான் நம் ஊர் வழக்கப்படி தட்டு மொத்தத்தையும் சட்டியில் கொட்டி, நன்றாகச் சிவக்கட்டும் என்று விட்டுவிட்டு மனைவியிடம் பேசத் தொடங்கினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா ஓடி வந்தார். "இமா, இமா!" என்று அதட்டிக்கொண்டே என் கறியை மளமளவெனத் திருப்பினார். இமா என்றால் 'இப்போது'. நான்கைந்து துண்டுகள் ஏற்கெனவே செருப்புத் தோல் ஆகிவிட்டிருந்தன. அவற்றை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிதாக ஒரே ஒரு துண்டை வைத்தார். நிறம் மாறியதும் திருப்பினார். நடுவில் ரோஜா நிறம் மிச்சம் இருக்கும்போதே எடுத்து என் கிண்ணத்தில் போட்டார். பச்சையாக இருக்கிறதே என்று நான் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை.

கிண்ணத்தில் சோயா சாறு. தாரே என்கிறார்கள். பக்கத்தில் துருவிய பூண்டும் மிளகாய்த் தூளும். இரண்டையும் தாராளமாகப் போட்டுக் கலந்தேன். அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். கறி வாயில் போனதும் நான் எதிர்பார்த்தது கவிச்சி. வந்தது கரிப்புகை, பூண்டு, அப்புறம் வெண்ணெய் மாதிரி ஒரு இனிப்பு. கடைசியில், விழுங்கிய பிறகு, தொண்டையின் பின்பக்கம் செம்மறி மெதுவாக எட்டிப் பார்த்தது. நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற அளவுக்குத்தான்.

யோசித்தால் காரணம் அந்தச் சட்டியில்தான் இருக்கிறது. ஆட்டின் வாடை கொழுப்பில் குடியிருக்கிறது. குவிந்த சட்டியில் கொழுப்பு நிற்காமல் வழிந்து கீழே போய்விடுகிறது. நாமோ குழம்பில் அதைச் சொட்டு விடாமல் பிடித்து வைக்கிறோம். வயதும் முக்கியம். ஒரு வயதுக்குள் இருந்தால் லாம்ப், இரண்டு வயதைத் தாண்டினால் மட்டன் என்று பிரித்து விற்கிறார்கள். பக்கத்து முக்காலிக்காரர்கள் மட்டனையே கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். அந்த வாடைதான் வேண்டுமாம்.

"ஜப்பான்ல ஏதுங்க இவ்வளவு செம்மறி?" என்று கேட்ட மனைவி, நான் கவனித்தவரை கறியைத் தொடவில்லை. வெங்காயத்தை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அது கறிக்காக வந்த செம்மறி இல்லை, கம்பளிக்காக வந்தது. முதல் உலகப் போரில் வெளிநாட்டுக் கம்பளி வரத்துத் தடைப்பட்டது. படைக்கும் போலீசுக்கும் சீருடை வேண்டுமே. 1918இல் பத்து லட்சம் செம்மறி வளர்ப்பது என்று அரசாங்கம் திட்டம் போட்டு ஐந்து இடங்களில் பண்ணை வைத்தது. அதில் இரண்டு ஹொக்கைடோவில்: ஒன்று தாகிகாவா, இன்னொன்று சப்போரோவை ஒட்டிய சுகிசாமு. 1950களின் கடைசியில் எண்ணிக்கை ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பளி தாராளமாக வரவும், உள்ளூர்க் கம்பளிக்கு மதிப்புப் போய், மந்தைகள் கரைந்துவிட்டன. தின்று பழகிய நாக்கு மட்டும் மிச்சம். இப்போது கறி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறது. பழைய சுகிசாமு பண்ணை நிலத்தில் இருக்கும் 'ஆட்டுக் குன்று', ஹிட்சுஜிகாவோகா, இன்று சுற்றுலாத் தலம். மறுநாள் போனோம். வெள்ளை வெளியில் ஆடு ஒன்றும் கண்ணில் படவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் கிளார்க்கின் சிலை மட்டும் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றது.

தாகிகாவா பக்கத்துப் பழக்கம் வேறு. அங்கே கறியை முதலிலேயே சாற்றில் ஊறவைத்துச் சுடுகிறார்கள். நாம் இஞ்சி பூண்டு விழுதில் ஊறப்போடுவது மாதிரிதான் என்பதால் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் வேறு கடையில் சாப்பிட்டும் பார்த்தேன். கறியைவிட ஆப்பிளும் சோயாவும்தான் முன்னால் நின்றன. சட்டியும் சீக்கிரம் கருகுகிறது. என் ஓட்டு, ஊறாத கறியைச் சுட்டுவிட்டுத் தோய்க்கும் சப்போரோ பாணிக்கே.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு சப்போரோ பீர் தோட்டம் இருக்கிறது. 1890இல் சர்க்கரை ஆலையாகக் கட்டிய செங்கல் கட்டடம், 1966 முதல் அங்கே பீரும் ஜிங்கிஸ்கானும். மே மாதம் செர்ரி பூக்கும்போது மருயாமா பூங்காவில் மரத்தடியிலேயே சட்டி வைத்துச் சுடுகிறார்களாம். அதற்கு இன்னொரு தடவை வர வேண்டும். ஹலால் பார்க்கிறவர்கள் ஆட்டுக்கறிதானே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜிங்கிஸ்கான் மிட்டாய் என்று ஒன்று விற்கிறார்கள். செம்மறிக் கறிச் சுவையில் காரமெல். ஆபீஸில் பிடிக்காதவர்கள் யாராவது இருந்தால் வாங்கிப் போகலாம்.

மனைவி கதைக்கு வருகிறேன். வெங்காயம் ஒரு தட்டு தீர்ந்தது, இரண்டாவது தட்டும் தீர்ந்தது. "இந்த வெங்காயம் எப்படிங்க இவ்வளவு ருசியா இருக்கு?" என்றாள். உச்சியிலிருந்து வழிந்த அத்தனை கொழுப்பும் அந்த வாய்க்காலில்தானே போய்ச் சேர்கிறது. செம்மறியின் சாரத்தையே அவள்தான் தின்றுகொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. மூன்றாவது தட்டோடு ஒரு துண்டுக் கறியையும் தானாகவே எடுத்தாள். அப்புறம் சோறு ஒரு கிண்ணம் கேட்டாள். கறி நான்கு தட்டு, வெங்காயம், சோறு, எனக்கு ஒரு பீர், எல்லாம் சேர்த்து ஏழாயிரம் யென் சொச்சம். டிப்ஸ் கிடையாது.

முடிக்கும்போது அந்த அம்மா எங்கள் கிண்ணங்களில் மிச்சமிருந்த தாரேயில் சூடாகத் தேநீரை ஊற்றி, குடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பூண்டு, காரம், கறி வாசனை, மேலே மிதக்கும் நெய்க்கண்கள். மனைவி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ரசம்ங்க இது" என்றாள்.

ஓட்டலுக்குத் திரும்பும்போது ஒன்பதரை. பையில் கட்டி வைத்த கோட்டெல்லாம் தப்பித்துவிட்டது. குரங்குக் குல்லா தப்பவில்லை. லிஃப்டில் எங்களோடு ஒரு பெரியவர் ஏறினார். ஏழாவது மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டு, மூக்கைச் சற்றே தூக்கினார். மனைவி கூச்சத்தோடு என் பின்னால் ஒதுங்கினாள்.

"ஜிங்கிஸ்கான்?" என்றார்.

"ஹை" என்றேன்.

கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். நாங்கள் நான்காவது மாடியில் இறங்கினோம். கதவு மூடுவதற்குள் அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், தரைத்தளத்துப் பொத்தானை அமுக்குவதும் தெரிந்தது.