மோடம் வழியாக வந்த பேரேடு: யூனிக்ஸில் முனைய வகையைச் சரிசெய்த அனுபவம்

1990-களின் நடுவில், காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு நிதி நிறுவனத்தின் கணினி என் பொறுப்பில் இருந்தது. அதில் ஓடியது எஸ்சிஓ யூனிக்ஸ் என்ற இயங்குதளம். கன்சோலில், அதாவது கணினியோடு நேராக இணைந்த திரையில், எல்லாம் சுத்தமாக வரும். தேவகோட்டைக் கிளையிலிருந்து டெலிபோன் லைனில் மோடம் வழியாக நுழைந்தால் மட்டும் பேரேட்டுத் திரை அலங்கோலமாகிவிடும். "தம்பி, கோடு இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் டி டி டின்னு ஓடுது, ஓரத்துல வரிசையா 3 நிக்குது" என்றார் அங்கிருந்த கணக்குப்பிள்ளை.

அவர் அப்படிப் பார்த்துச் சொன்னதுதான் பாதி வேலையை முடித்தது. பிசியின் எழுத்துத் தொகுதியில் படுக்கைக் கோட்டின் எண் 196, செங்குத்துக் கோட்டுக்கு 179. டெலிபோனில் வரும் டயல்-அப் இணைப்போ எழுத்துக்கு 7 பிட்தான் அனுப்பும். எட்டாவது பிட் உதிர்ந்தால் 128 கழியும். 196 போய் 68, அது ஆங்கில டி. 179 போய் 51, அது 3. ஆகவே டெலிபோன் லைனில் கோளாறு இல்லை. கன்சோலுக்கு உரிய ஆன்ஸி என்ற முனைய வகையிலேயே (முனையம் என்பது பயனரின் திரையும் விசைப்பலகையும்) மோடத்துக்கும் கோடு போகிறது.

கணினியை நிறுவியவர்கள் யார் நுழைந்தாலும் ஓடும் பொதுப் புரொஃபைல் கோப்பில், முனைய வகையைச் சொல்லும் டெர்ம் மாறியை எல்லாருக்கும் ஆன்ஸி என்று எழுதியிருந்தார்கள். முதலில் அந்த வரியை எடுத்தேன். அப்புறம் எந்த லைனில் என்ன முனையம் என்று சொல்லும் டிடிஒய்டைப் கோப்பில் கன்சோல் லைன்களுக்கு ஆன்ஸி, மோடம் லைனுக்கு 'டயலப்' என்று பிரித்தேன். மோடம் லைனைப் பெரிய ஏ போட்ட டிடிஒய்1ஏ பெயரில்தான் திறக்க வேண்டும், அதில்தான் மோடம் கட்டுப்பாடு உண்டு. சின்ன எழுத்தில் திறந்தால் இணைப்பு அறுந்தாலும் லாகின் அப்படியே நிற்கும். அடுத்து அழைப்பவர் நேராக உள்ளே இருப்பார். பணம் புழங்கும் இடத்தில் இதை விடவே கூடாது.

'டயலப்' என்று எந்த முனையமும் கிடையாது. மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. கேட்கிற வேலை, முனைய வகையை அமைக்கும் டிசெட் கட்டளையுடையது. பயனரின் புரொஃபைலில் அதற்கு -எம் 'டயலப்:?விடி100' என்று கொடுத்தேன். விடி100 என்பது பரவலான ஒரு முனைய வகை. கேள்விக்குறி இருப்பதால் அதுதானா என்று கேட்கும். என்டர் தட்டினால் அதுவே; வைஸ் என்ற வேறு வகை முனையம் வைத்திருப்பவர் அதன் பெயரை அடிக்கலாம். கன்சோலில் நுழைபவரிடம் ஒன்றும் கேட்காது. டிசெட்டை -எஸ் சேர்த்து, அது தரும் வரிகளை நிறைவேற்றும் இவால் கட்டளைக்குள் ஓட்ட வேண்டும். தனியாக ஓட்டினால், பயனரின் கட்டளைகளை வாங்கும் ஷெல்லில் டெர்ம் மாறாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

விடி100 தன் கோடுகளை 7 பிட்டுக்குள்ளேயே, எழுத்துத் தொகுதியை மாற்றி வரையும். தேவகோட்டையில் தொடர்பு நிரலையும் விடி100-க்கு மாற்றச் சொன்னேன். பேரேட்டுக் கட்டங்கள் நேராக வந்தன. பேக்ஸ்பேஸ் மட்டும் அடம்பிடித்தது. எழுத்தை அழிக்கும் விசை எது என்று சொல்லும் எஸ்டிடிஒய் இரேஸ் வரியை அதே புரொஃபைலில் சேர்த்ததும் அதுவும் சரியாயிற்று.