ஈ.சி.ஜி. நார்மல், ஆனால் அம்மாவுக்குப் படபடப்பு

"நெஞ்சுக்குள்ள குருவி சிறகடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றுதான் அம்மா முதலில் சொன்னார். வயது 67. பத்து வருடமாக பி.பி. மாத்திரை. படபடப்பு வரும், அரை மணி நேரம் இருக்கும், போய்விடும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிடும். மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தோம், மூன்றும் நார்மல். துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய உடம்பில் கட்டிக்கொண்டு வரும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிய அன்றைக்குப் பார்த்துப் படபடப்பே வரவில்லை. "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். அம்மாவும் அதற்கப்புறம் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திருநெல்வேலியில் வேறொரு இதய மருத்துவரிடம் போனோம். அவர் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுக்கச் சொன்னார். வெறும் வயிறு தேவையில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆனது.

ரிப்போர்ட்டில் இதயம் பம்ப் செய்யும் திறன் 60 சதவீதம் என்றிருந்தது. நல்ல அளவு. நான் நிம்மதியாக மடித்து வைக்கப் போனேன். டாக்டர் வேறொரு வரியைக் காட்டினார்: இடது மேலறையின் அளவு 46 மில்லிமீட்டர். பெண்களுக்கு 38 வரைதான் இயல்பு. துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பெரும்பாலும் இந்த அறைப் பக்கம்தான் தொடங்கும். வருடக்கணக்கில் பி.பி. இருந்தால் அறை விரியும், விரிந்த அறையில் துடிப்பு தடுமாறும், தடுமாறத் தடுமாற அறை இன்னும் விரியும். எக்கோ எடுக்கும் நேரத்தில் துடிப்பு சீராக இருந்தாலும் விரிந்த அறை உடனே பழைய அளவுக்குத் திரும்பியிருக்காது. "வெள்ளம் வடிஞ்சாலும் சுவத்துல கறை நிக்கும்ல, அது மாதிரிதாம்மா" என்றார் அம்மாவிடம். வால்வையும் கவனமாகப் பார்த்தார். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தாலும் இந்த அறை பெரிதாகுமாம். நல்லவேளை, வால்வு சரியாக இருந்தது.

கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த பழைய எக்கோவை வீட்டில் தேடி எடுத்தேன். அதிலேயே 42 என்றிருந்தது. கீழே 'நார்மல்' என்று எழுதியிருந்ததை நம்பி, நானும் மேலே படிக்கவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

எக்கோ சந்தேகத்தைத்தான் கிளப்பும், உறுதி செய்ய ஈ.சி.ஜி. பதிவு வேண்டும். அதனால் நெஞ்சில் ஒட்டும் பேட்ச் ஒன்றை 14 நாள் ஒட்டினார்கள். படபடப்பு வந்த நேரத்தையெல்லாம் அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தார். பதினோராம் நாள் இரவு 2 மணியிலிருந்து கிட்டத்தட்ட 5 வரை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவாகியிருந்தது. அப்போது அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்! அவர் உணராமலே வந்து போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு அலைவது பக்கவாதத்துக்குப் பயந்துதான். மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கும்போது, அதன் ஓரத்தில் உள்ள பை போன்ற பகுதியில் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது, பி.பி. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, இரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் 5 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று எழுதிக் கொடுத்தார். ஒரு வேளைகூட விடக் கூடாது, பல் பிடுங்குவதாக இருந்தால்கூட முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றார்.

அடுத்த எக்கோ ஆறு மாதம் கழித்து. அன்றைக்கு எடுத்துப் போக, பழைய ரிப்போர்ட்டுகள் இரண்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.